மாமா உட்கார்ந்த பிறகுதான் சாப்பாடு

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாண விருந்தில் மணமக்கள் வரத் தாமதமானால்கூடச் சமாளித்துவிடலாம். தாய்மாமன் வரத் தாமதமானால் முடியாது. தலைமேசையில் வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலி அவருடையது. அவர் வந்து அதில் உட்காரும்வரை ஒருவரும் சாப்பாட்டுக் குச்சியைத் தொடக்கூடாது. அவர் எழுந்திருக்கும்வரை ஒருவரும் கிளம்பக்கூடாது. சின்ன வயதில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாமன்காரருக்கு வழியில் வண்டி பழுது. மொத்தப் பந்தலும் தர்ப்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டே பசியாறியது. மேயரும் கொறித்தார்.

தலைநகரான தாய்பேயில் இந்த வழக்கம் யாருக்கும் தெரியாது. இங்கே ஓட்டல்காரன் கடிகாரத்தைப் பார்த்துப் பரிமாறுவான், கடிகாரத்தைப் பார்த்துத் துரத்துவான். அதனால்தான் விருந்தைத் தாய்பேயில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேனோ என்னவோ. அப்போது கேட்டிருந்தால், நண்பர்கள் எல்லாரும் இங்கேதானே இருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பேன்.

தெற்கே தாய்னான் கடற்கரையில் பிறந்து, தாய்பேயில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பெயர் ஷுன்-ஆன், வீட்டில் ஆ-ஆன். போ-யுவும் நானும் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அந்த ஒன்பது வருடமும் புத்தாண்டு விருந்துக்கு அவனை ஊருக்குக் கூட்டிப்போய், "இவன் என் ரூம்மேட்" என்று அறிமுகம் செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அதே ஆட்களிடம், ஏதோ புது ரூம்மேட் மாதிரி. ஆணும் ஆணும் மணந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த அந்த மே மாதமே பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். அம்மா தொலைக்காட்சியில் என் முதுகைப் பார்த்ததாகச் சொன்னாள். முடி வெட்டாமல் போயிருந்தேனாம். அதற்குத்தான் திட்டு. வேறெதற்கும் திட்டவில்லை.

பிறகு விருந்துப் பேச்சு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாமாகிட்டே போய் நேர்ல சொன்னியா?"

மாமா என்றால் அம்மாவின் அண்ணன், ஹுவோ-து மாமா. பால்மீன் பண்ணை வைத்திருக்கிறார். மீன்குட்டைக்கு நடுவே பேசிப் பழகியவர், அதனால் லிஃப்டுக்குள்ளும் அக்கரைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். காலையில் கண் விழித்ததிலிருந்து பாக்கு மெல்லுவார். கையில் எப்போதும் ஒரு காகிதக் குவளை, துப்புவதற்கு. சிரித்தால் வாய் முழுக்கச் சிவப்பு. குழந்தையாக இருந்தபோது அவர் சிரித்தால் நான் அழுவேனாம்.

எங்கள் பக்கம் மாமனை போனில் அழைக்க முடியாது, தபாலிலும் முடியாது. மணமகனே நேரில் போய், அழைப்பிதழை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். நானும் போனேன். பொய் இல்லை, தாய்னான் அதிவேக ரயில் நிலையம்வரை போனேன். அங்கே ஒரு காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனக்கண்ணில் ஓட்டல் தெரிந்தது. வெள்ளை மேசைவிரிப்பு தெரிந்தது. அதன்மேல் ஒரு காகிதக் குவளை தெரிந்தது. எங்கள் நண்பர் கூட்டம் தெரிந்தது: வக்கீல், டாக்டர், ஆவணப்படம் எடுக்கிறவர், நாய்க்குக்கூட ஆளுமைப் பயிற்சி கொடுக்கிறவர். அவர்கள் நடுவே, அத்தனை பேருக்கும் மேலான நாற்காலியில், மாமா வாயைத் திறந்து சிரித்தார்.

காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்: "மாமாவால வர முடியாதாம்மா. குளிர் அலை வருதாம். விட்டுட்டு வந்தா மீனு செத்துடுமாம்."

"மீனா?" என்றாள்.

"ஆமா."

"என் புள்ள கல்யாணத்தை விட மீனு பெரிசாப் போச்சா அவனுக்கு?" வைத்துவிட்டாள்.

போ-யுவிடமும் இதையே சொன்னேன். "மீன் சும்மா சாக்கு. என்னாலதான், இல்ல?" என்றான். இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் பெருமூச்சு விட்டேன். பெருமூச்சில் ஒரு வசதி, பின்னால் யாரும் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட முடியாது.

நண்பர்களிடம் போனபோது கதை இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. தெற்கத்தி ஆள், பழைய காலத்து மனுஷன், ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் உரிமை ஊர்வலங்களையெல்லாம் நடத்திய வக்கீல் காய்-லிங் என் தோளில் கை வைத்து, "இந்த மாதிரி ஆளுங்களுக்குக் காலம் பிடிக்கும், ஆன். நீ உடைஞ்சு போகாதே" என்றாள். பீர் வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன். உடைந்து போகாதவனுக்குக் கொடுத்த பீரை உடைந்து போனவன் மாதிரி குடித்தேன்.

விருந்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. போ-யுதான் கதவைத் திறந்தான்.

வாசலில் ஹுவோ-து மாமா. தலையில் கோயில் கமிட்டித் தொப்பி, கக்கத்தில் ஐஸ் பெட்டி, கையில் காகிதக் குவளை. விடிவதற்கு முன்னே நீல லாரியில் கிளம்பியிருக்க வேண்டும்.

"ஆ-ஆன் இருக்கானா?"

"இருக்கார். வாங்க." கடன் கிடையாது என்று சொல்லும் வங்கி மேனேஜர்கள் இந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

மாமா செருப்பைக் கழற்றினார். "நீதானே போ-யு? புத்தாண்டுக்கு வருவியே. ரூம்மேட்டு."

"இப்போ புருஷன்."

"தெரியும், தெரியும். தங்கச்சி போன்லே சொன்னா. அதுக்கப்புறம்தான் என்னமோ ஆயிடுச்சு. ஒரு மாசமா நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறா. வீட்டுக்குப் போனேன், உள்ளே இருந்துகிட்டே கதவைத் திறக்கல. டிவி சத்தம் கேக்குது! நான் என்னப்பா பண்ணேன்? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

நான் சமையலறையில் கெட்டிலுடன் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வேறு வழி கிடையாது. எட்டாவது மாடி.

போ-யு நிதானமாகத்தான் பேசினான். "மாமா, நீங்க விருந்துக்கு வர முடியாதுன்னு சொன்னது உங்க இஷ்டம். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மீனைக் காரணம் சொன்னதுதான் அத்தைக்குத் தாங்கல."

"எந்த மீனு?"

"செத்துப் போயிடும்னீங்களே."

மாமா குனிந்து பெட்டியைப் பார்த்தார். "இதெல்லாம் நேத்தே செத்துடுச்சே, தம்பி."

"இது இல்ல மாமா. விருந்துக்கு ஏன் வர மாட்டேன்னீங்க?"

"வர மாட்டேன்னு எவன் சொன்னான்? மொதல்ல, வான்னு என்னை எவன் கூப்பிட்டான்?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்துக் கெட்டில் விசிலடித்தது. எனக்குப் பதிலாக யாரோ பேசுகிற மாதிரி இருந்ததால் அதை அணைக்காமல் விட்டேன். போ-யு வந்து அணைத்தான்.

"ஆன்."

"நான் போகல," என்றேன். "ஸ்டேஷன் வரைக்கும் போனேன்."

மாமா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டு, அவமானம் கொஞ்சம் பங்கு பிரிந்திருக்கும். அவர் சோபா நுனியில் உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"ஏன் மாப்ளே?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன், மாமா."

"இருக்கும்தான். அதுக்கென்ன? உங்கப்பனைக்கூடத்தான் எனக்குப் புடிக்கல. அந்தக் கல்யாணத்துல நான் வந்து உக்காரலையா? நாலு மணி நேரம் உக்காந்தேன். உங்கம்மா முகத்துக்காக."

அப்பா போய்ப் பத்து வருடமாகிறது. மாமாவுக்கு அவரைப் பிடிக்காது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"பையனும் பையனும் கட்டிக்கலாமான்னு வச்சாங்களே, அந்த ஓட்டெடுப்புலயும் நான் வேண்டாம்னுதான் குத்தினேன். மறைக்கல. கோயில்ல எதுல குத்தணும்னு சொன்னாங்க, குத்திட்டு வந்தேன். சீட்டுல உன் பேரு இல்லையே, மாப்ளே. உன் பேரு இருந்திருந்தா நான் குத்துவேனா?"

போ-யு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த ஓட்டெடுப்பு முடிவு வந்த அன்று அவன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டது எனக்குத் தெரியும். இதோ, பாதி நியாயம் என் பக்கம்தான் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பு.

"பாத்தீங்களா, அதனாலதான் மாமா..."

"அதனால இல்ல." மாமா என்னைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த காகிதக் குவளையைப் பார்த்தார். கடைவாயைப் புறங்கையால் துடைத்தார். "பல்லா?"

நானும் அந்தக் குவளையைத்தான் பார்த்தேன். மாமா தலையாட்டினார். குவளையைத் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். சின்னப் பையன்கள் வாத்தியாருக்குத் தெரியாமல் எதையாவது மறைப்பார்களே, அப்படி. நாற்பது வருடமாகக் குட்டை வரப்பில் ராஜா மாதிரி துப்பிக்கொண்டிருந்த மனிதர். என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அதை ஒளித்து வைத்தார்.

"சரி," என்று எழுந்தார். "தங்கச்சிகிட்டே நீயே சொல்லு. நான் சொன்னா நீ அடி வாங்குவே."

"சாப்பிட்டுட்டுப் போங்க மாமா," என்றான் போ-யு. குரலில் வங்கி மேனேஜர் இல்லை.

"கூப்பிடாத வீட்டுல நான் சாப்பிடறதில்ல, தம்பி. மீனை நீங்க சாப்பிடுங்க. அது ஒண்ணும் பண்ணல." செருப்பை மாட்டிக்கொண்டே நின்றார். "விருந்துல தொங்கவிட வாழ்த்து எழுதி செவப்புத் துணி வேற வாங்கிட்டேன். கடைக்காரன் மாப்ளைக்கு ஒரு பக்கம் டிராகன், பொண்ணுக்கு ஒரு பக்கம் ஃபீனிக்ஸ் போடறேன்னான். ரெண்டும் பசங்கடா, ரெண்டு டிராகனாப் போடுன்னேன். ரெண்டு டிராகன் போட்டா சண்டை வரும்ங்கறான். கல்யாணம்னா பின்னே என்னன்னேன்."

அவர் சிரிக்கவில்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

மாமன் கொடுக்கும் சிவப்புத் துணி மணவிருந்தில் மற்ற எல்லாத் துணிகளுக்கும் மேலே தொங்க வேண்டும். யாரும் அழைக்காமலே அவர் அதை வாங்கி வைத்துக் காத்திருந்திருக்கிறார்.

போ-யு மீன்களை ஒவ்வொன்றாகக் கழுவி ஃப்ரீசரில் அடுக்கினான். பிறகு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டையை இழுத்து என் முன்னால் சாய்த்து வைத்தான். ஊர்வலத்தில் நான் பிடித்துக்கொண்டு போனது. என் கையால், தடித்த தூரிகையால் எழுதியது: 'உங்கள் வீட்டு விருந்தில் எங்களுக்கும் ஒரு நாற்காலி.' பத்திரிகையில்கூடப் படம் வந்தது. எழுத்து அழகாக இருப்பதாகப் பலர் சொன்னார்கள்.

"ஒன்பது வருஷம் நான் ரூம்மேட்," என்றான். "சரி, பயந்தே, ஒத்துக்கிட்டேன். இப்போ அவரை மீன்காரர் ஆக்கிட்டே."

"அவர் மீன்காரர்தானே."

"ஜோக் அடிக்காதே ஆன். ஒரு தடவையாவது அடிக்காம இரு."

இருந்தேன்.

"அவர் குத்தின ஓட்டுக்கு அவர்கிட்டே நான் கோபப்பட்டுக்கறேன். அது எனக்கும் அவருக்கும். ஆனா அவர் வந்து உக்காராம நான் குச்சியைத் தொட மாட்டேன். எனக்கு உங்க ஊர் வழக்கம் தெரியாதுன்னு நெனச்சியா? அத்தை சொல்லிக் கொடுத்துட்டாங்க."

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் திட்டவில்லை. "காலையில வா," என்றாள், "என்னை அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ." மறுநாள் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது மட்டும், "ஒரு மாசம் கதவைச் சாத்தி வச்சேன்டா. வெளியில நின்னு என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான்" என்றாள்.

மாமா இடுப்புவரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு குட்டைக்குள் நின்றிருந்தார். வரப்பில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மாமனை அழைக்கும்போது கொடுக்க வேண்டிய பன்றித்தொடைப் பொட்டலத்தையும் அழைப்பிதழையும் நான் ஏந்திக்கொண்டு, சேற்றில் சப்பாத்து புதைய நின்றேன்.

"யாருப்பா அது, ஹுவோ-து?" என்று ஒருவர் கேட்டார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "தாய்பேக்காரரு. எனக்குத் தெரிஞ்சவரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. ஒன்பது வருடம் நான் ஒருவனுக்குச் செய்ததை எனக்கு ஒருவர் ஒரே நிமிடத்தில் செய்து முடித்தார்.

"அவரோட மருமகன்," என்றேன் வரப்பிலிருந்தவர்களிடம். "தங்கச்சி பையன். எனக்குக் கல்யாணம். மாமாவைக் கூப்பிட வந்திருக்கேன்."

"பொண்ணு எந்த ஊரு?"

"பையன். தாய்பே."

வலை பின்னிய கைகள் கொஞ்சம் நின்றன. ஒருவர் இருமினார். இன்னொருவர், "தாய்பேக்காரனுக்கு மீன் முள்ளு எடுக்கத் தெரியாதே, பாவம்" என்றார். கைகள் மறுபடி ஓடின.

நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரப்பு ஓரமாக இறங்கி, அழைப்பிதழை இரண்டு கையாலும் நீட்டினேன். குளிர்த் தண்ணீர் முழங்காலில் ஏறியது. மாமா கையை உடுப்பில் துடைத்து, வாங்கி, தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"குளிர் அலை வருதாம்," என்றார். "மீனை விட்டுட்டு வந்தா செத்துடும்."

அழைப்பிதழை மார்புப் பைக்குள் வைத்துக்கொண்டு, வலையை நோக்கி நடந்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. பன்றித்தொடையை அம்மா அவர் வீட்டுச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள். "என்னம்மா, வருவாரா?" என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு அது? ஸ்டேஷன்ல உக்காந்து காப்பி குடி" என்றாள்.

விருந்தன்று நாங்கள் ஓட்டலுக்குப் போனபோது அவர் எங்களுக்கு முன்னே வந்திருந்தார். பேஸ்மென்ட்டில் நீல லாரியை விடமாட்டேன் என்ற காவலாளியிடம் ஏதோ பேசி, இரண்டு வெளிநாட்டுக் கார்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார். புதுக் கோட்டு. தலைமேசையில் நாற்காலி வாசலுக்கு நேராக இல்லை என்று சொல்லி, ஓட்டல்காரர்களை வைத்து மேசையையே திருப்பிப் போட்டிருந்தார். மேடைக்குப் பின்னால், பூ அலங்காரத்துக்கும் வானவில் கொடிக்கும் மேலே, சிவப்புத் துணி தொங்கியது. இரண்டு டிராகன்களும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன.

கையில் காகிதக் குவளை இல்லை. வாயை இறுக்கி மூடியிருந்தார். அம்மா கேட்டதற்கும், போ-யு வணங்கியதற்கும், உதட்டைப் பிரிக்காமல் "ம்" என்றார். இன்னும் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர்ந்த பதார்த்தத் தட்டும் சூப்பும் வந்தன. மாமா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். போ-யு குச்சியை எடுத்தான். அப்போதுதான் காய்-லிங் கோப்பையுடன் எங்கள் மேசைக்கு வந்தாள்.

"நீங்கதான் ஆனோட மாமாவா?" நல்ல பெண், மனதார நல்ல பெண், அதுதான் பிரச்சினை. "உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அவனைக் கூட எவ்வளவு கஷ்டப்படுத்தினீங்கன்னும் தெரியும். பரவாயில்ல. மனசை மாத்திக்கிட்டு வந்தீங்களே, அது பெரிய விஷயம் மாமா."

பின்னால் இரண்டு மேசைகள் இந்தப் பக்கம் பார்த்தன. எல்லாருக்கும் தெரிந்த கதை அல்லவா. அந்தக் கதைக்கு நான் பீர் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று வார்த்தை சொன்னால் போதும், நான் அங்கேயே செத்திருப்பேன். அவர் கோப்பையை எடுத்து அவள் கோப்பையோடு மோதினார்.

"மீன்காரன் பாரும்மா," என்றார், உதட்டுக்குள்ளேயே. "மண்டையில ஏற நேரமாகும்."

அம்மா குச்சியைக் கீழே வைத்தாள். போ-யுவும் வைத்தான். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதிலும் எத்தனை விதம் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். விருந்துகளில் மைக்கைப் பிடித்தால் நான் ஜோக் சொல்வேன் என்பது எல்லாருக்கும் தெரியும். இப்போதே சிலர் சிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க மாமா மனசு மாறி வரல," என்றேன். "மாறறதுக்கு அவரை யாரும் கேக்கவே இல்ல. அவரு என்னைக் கஷ்டப்படுத்தவும் இல்ல. நான் அவரைக் கூப்பிடல. கூப்பிட்டேன், மறுத்துட்டாருன்னு எங்கம்மாகிட்டே, போ-யுகிட்டே, உங்க எல்லார்கிட்டேயும் பொய் சொன்னேன். ஏன்னா அவர் சத்தமாப் பேசுவாரு. பாக்கு மெல்லுவாரு. பல்லெல்லாம் செவப்பா இருக்கும். உங்க முன்னாடி எனக்கு வெக்கமா இருந்தது."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு, இது ஜோக் இல்லை என்று தெரிந்து, இருமலாக மாற்றிக்கொண்டார். எத்தனை வருடம் எத்தனை பேர் எங்களைப் பார்த்து வெட்கப்பட்டார்கள் என்று நாங்கள் கூடிக்கூடிப் பேசிய அதே கூட்டம். காய்-லிங் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

மாமா எழுந்தார். அத்தனை பேர் கண்ணும் அவர் வாய்க்குப் போனது. நான்தானே போகச் சொல்லியிருந்தேன்.

"டேய்!" குட்டையின் அக்கரைக்குக் கேட்கிற குரல். "நான் உக்காந்து எவ்வளவு நேரமாச்சு? எல்லாரும் சாப்பிடுங்க! சூப்பு ஆறுது!"

பல்லெல்லாம் வெள்ளை.

அரிசி மாதிரி, பால் மாதிரி என்றெல்லாம் சொல்ல முடியாது. பழுப்போடிய வெள்ளைதான். ஆனால் சிவப்பு ஒரு புள்ளி இல்லை. மண்டபம் முழுக்க அவர் பல்லைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, இவன் இப்போதும் பொய் சொல்கிறானோ என்று யோசித்தது. பொய்யெல்லாம் போட்டு உடைத்து வாழ்க்கையில் ஒரு தடவை மைக்கில் உண்மை பேசினேன். அதற்கும் சாட்சி இல்லாமல் போய்விட்டது.

மேசைக்குத் திரும்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமா, பல்லு..."

"டாக்டர்கிட்டே போய் சொரண்டிட்டு வந்தேன். போட்டோ எடுப்பீங்கல்ல." மறுபடி உதட்டை மூடிக்கொண்டார். "வலிக்குதுடா மாப்ளே. வாயைத் தொறந்தா காத்துப்பட்டு உயிர் போகுது."

அதுதான் அத்தனை நேரமும் வாயைத் திறக்கவில்லை. ஈறெல்லாம் வீங்கியிருந்தது. இறால் வந்தது, தொடவில்லை. வாத்து வந்தது, தொடவில்லை. மீன் வந்தபோது மட்டும் ஒரு கண்ணால் பார்த்து, "ஐஸ்ல ஒரு மாசம் கிடந்தது" என்றார். போ-யு அந்த மீனை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாக நீக்கி, வெள்ளைச் சதையைக் கரண்டியால் மசித்து அவர் கிண்ணத்தில் வைத்தான். மாமா அதைப் பார்த்தார்.

"வரப்புல சொன்னாங்க, உனக்கு முள்ளு எடுக்கத் தெரியாதுன்னு."

"தெரியும் மாமா. உங்க ஓட்டு விஷயம் அப்புறம் பேசிக்கறேன்."

"பேசு. பல்லு ஆறட்டும்."

சாப்பிட்டார், நாக்கால் நசுக்கி, ஒவ்வொரு வாயாக. எங்கள் வழக்கப்படி மாமா எழும்வரை ஒருவரும் கிளம்பக்கூடாது என்று அம்மா மேசை மேசையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பழத்தட்டு காலியான பிறகும் வக்கீல்களும் டாக்டர்களும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டல்காரன் கடிகாரத்தைப் பார்த்தான், எங்கள் மேசையைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். காய்-லிங் எங்கிருந்தோ தர்ப்பூசணி விதை வாங்கி வந்து எல்லாருக்கும் பகிர்ந்தாள்.

மறுபடி சூடாக்கி வந்த சூப்புக் கிண்ணத்தை மாமா என் பக்கம் தள்ளினார். "சுடுது. பல்லுல பட்டா தாங்காது."

நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து ஊதினேன். அவர் போதும் என்று சொல்லவில்லை. ஊதிக்கொண்டே இருந்தேன்.